அக்காவுக்குப் பொய் வராது

சிலிபினில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் நுழையும் முனையில் இருந்த வடைக்கடையில் பஜ்ஜி கிடைக்காது. போண்டாவும் கிடைக்காது. பீசாங் கோரேங் என்கிற வாழைப்பழப் பொரிப்பு மற்ற தள்ளுவண்டிகளில் மலையாகக் குவிந்திருக்கும், அந்தக் கடையில் மருந்துக்குக்கூட இருக்காது. உளுந்து வடை, மசால் வடை, முறுக்கு, நெய் உருண்டை, வெள்ளிக்கிழமைகளில் சுண்டல், அவ்வளவுதான். "ஏன்க்கா பஜ்ஜி போடுறதில்ல?" என்று யாராவது கேட்டால், கடைக்கார அக்கா "மாவு சரியில்ல" என்பார். வருடக்கணக்காக அந்த மாவு சரியாகவே இல்லை.

உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்தவன் நான். அக்காவுக்குத் திக்குவாய். ப, க, த என்று தொடங்கும் சொல்லைப் பேச்சின் தொடக்கத்தில் வைத்தால் அடைத்துக்கொள்ளும். "என்ன இருக்கு?" என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே! ஆகவே வாய்க்கு வருகிற பலகாரமாகப் பார்த்துச் சுட்டார். 'தம்பி'யும் அவருக்கு வராது. அதனால் ஆண்பிள்ளைகள் எல்லாரும் 'சாமி'. "என்னா சாமி, வேலைக்கா?" என்று அவர் கேட்டால் வெளியூர்க்காரர்கள் உருகிப்போவார்கள். எவ்வளவு பாசமான பொம்பளை என்பார்கள். பாசமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

அவர் பெயரும் அந்த மூன்று எழுத்துகளில் ஒன்றில்தான் தொடங்கும். ரப்பர் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு ஆசை ஆசையாக ஒரு பெயர் வைத்தார்கள், அது அந்தப் பிள்ளையின் தொண்டையிலேயே மாட்டிக்கொண்டது. கோவிலில் அர்ச்சனைக்குப் பேர், நட்சத்திரம் கேட்டால் அக்கா விழிப்பார். பின்னால் வரிசை நெளியும். ஒருநாள் "சாமி பேருக்கே செஞ்சிடுங்க" என்று சொல்லித் தப்பித்தார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. தனக்கென்று ஒன்றும் கேட்காத புண்ணியவதி என்று தாமான் முழுக்கப் பெயர் கிடைத்தது. அவரால் சொல்ல முடியாத பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் அக்காவை நடித்துக் காட்டுகிறவன். பதினேழு பதினெட்டு வயதில் பந்துத் திடலில் எனக்கு இருந்த மதிப்பெல்லாம் அதனால் வந்ததுதான். பந்து எனக்குச் சுமாராகத்தான் வரும்.

அக்காவின் திக்கல் சத்தமில்லாதது. உதடு ஒட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், பார்வை எண்ணெய்ச் சட்டிக்குப் போய்விடும். ஒரு ஒலியும் வராது. பிறகு சொல் முழுதாக வந்து விழும். பழக்கமில்லாதவர்கள் இவருக்குத் திமிர் என்று நினைத்தார்கள். கிளினிக்கில் ஒரு தாதி, இவருக்கு மலாய் தெரியாது என்று முடிவு செய்து, காது கேட்காதவரிடம் பேசுவதைப் போலக் கத்திப் பேசினார். நானும் முதலில் அதை அப்படியே, சத்தமில்லாமல்தான் நடித்தேன். ஒரு பயலும் சிரிக்கவில்லை. "என்னடா, போன் ஹேங்கான மாதிரி நிக்கிற?" என்றார்கள். ஆகவே சொந்தச் சரக்கைச் சேர்த்தேன். இடது கண்ணை இறுக்கி மூடி, தலையை வெட்டி வெட்டி, தொடையில் தட்டி, "ந... ந... ந...", "இ... இ... இ..." என்று எல்லா எழுத்துக்கும் இழுத்தேன். ந-வும் இ-யும் அக்காவுக்குத் தண்ணீராக வரும். அதைப் பற்றி யாருக்கு என்ன அக்கறை? திடலே விழுந்து விழுந்து சிரித்தது.

ஒருமுறை நடுவில் சிரிப்பு சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தால் அக்கா, கையில் மாவு வாளியோடு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. "முடிஞ்சிருச்சா சாமி?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். போய்விட்டார். மறுநாள் வடை வாங்கப் போனபோது எப்போதும்போலவே கொடுத்தார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் யாராவது ஒருவர் உற்சாகமாகப் பேசிய வீடியோ வாட்சாப்பில் வந்துவிடுகிறது. குறை என்பதே வரம், அதை உணர்ந்தால் போதும் என்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அக்காவின் அப்பா குளியலறையில் விழுந்த நாளைப் பார்த்திருந்தால் அவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். வீட்டில் அக்கா மட்டும்தான். அவசர எண்ணுக்குப் போன் போட்டிருக்கிறார். மலாயில் அப்பா என்பதற்குப் 'பாப்பா', உதவி என்பதற்குத் 'தோலோங்'. இரண்டுமே அவருக்கு எதிரி எழுத்து. அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்று கேட்டுவிட்டு, யாரோ விளையாடுகிறார்கள் என்று வைத்துவிட்டார்கள். இரண்டாம் முறையும் அதே கதை. செருப்பில்லாமல் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார். அம்மாதான் போன் பேசினார். அவருடைய அப்பா பிழைத்தார், ஆனால் வலப்பக்கம் விழுந்துவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தால்தான் அப்படி ஆனது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அக்காதான் சொல்லிக்கொண்டார், அப்பா இறக்கும்வரை.

அதே போனில்தான் இன்னொன்றும் நடந்தது. போலிஸ் இன்ஸ்பெக்டர் என்று சொல்லிக்கொண்டு மோசடிக்காரன் ஒருவன் கூப்பிட்டான். உங்கள் பெயரில் கேஸ் இருக்கிறது, அடையாள அட்டை எண்ணைச் சொல்லுங்கள் என்று மிரட்டினான். அக்கா பயந்துபோய் உண்மையாகவே சொல்லத்தான் பார்த்தார். அந்த எண்ணும் மலாயில் த-வில் தொடங்கும், வரவில்லை. அவன் கத்தினான், பிறகு கெஞ்சினான், துண்டித்துவிட்டு மறுபடி கூப்பிட்டான். மூன்றாவது தடவை, "தாக் அப்பா லா, அக்கா" என்று, அதாவது பரவாயில்லை விடுங்கள் என்று அலுத்துப்போய் வைத்துவிட்டான். இதைச் சொல்லிச் சொல்லி அக்கா சிரிப்பார். பக்கத்து வீட்டு வரிசையில் ஒருவர் நல்ல சரளமாகப் பேசி, சேமிப்பு முழுவதையும் அதே மாதிரி ஒருவனிடம் பறிகொடுத்திருந்தார்.

ஆனால் திக்குவாயால் அக்காவுக்குக் கிடைத்த பெரிய சொத்து வேறு. எங்கள் பக்கம் கல்யாணம் பேசுவதற்கு முன்னால் விசாரிக்க வருவார்கள். வீட்டுக்கு வரமாட்டார்கள். தாமான் முனையில் தெரியாத கார் ஒன்று வந்து நிற்கும், தேய்த்த சட்டை போட்ட ஒருவர் இறங்குவார், ஒரே ஒரு வடையை அரை மணி நேரம் தின்பார். அதற்குள் இன்ன வீட்டுப் பிள்ளை எப்படி, குடும்பம் எப்படி என்று கேட்டுவிடுவார். மற்றவர்களைக் கேட்டால் வேண்டியவர் புகழ்வார், வேண்டாதவர் கவிழ்ப்பார். அக்கா சொன்னால் மட்டும் முடிவு. "இவ்ளோ பாடுபட்டு ஒரு வார்த்தைய வெளிய தள்றவ, அதப் போயி பொய்க்குச் செலவு பண்ணுவாளா?" என்று என் அம்மா கேட்பார். தாமானே அதைத்தான் நம்பியது. அக்காவுக்குப் பொய் வராது என்பார்கள், சர்க்கரை வியாதி வராது என்பதைப் போல.

அவரும் அப்படித்தான் நடந்துகொண்டார். கடைசி வரிசையில் ஒரு மாப்பிள்ளைப் பையன், நல்ல சம்பளம். தெலுக் இந்தானிலிருந்து பெண்வீட்டார் வந்து, குடிப்பானா என்று கேட்டார்கள். அக்கா நேராக ஒன்றும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒரு வாட்டி வந்து பாருங்க" என்றார். வந்து பார்த்தார்கள். பையன் சாக்கடையோரம் உட்கார்ந்து தன் செருப்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். கல்யாணம் நின்றது. மறுநாள் பையனின் அம்மா கடைக்கு வந்து வாய்க்கு வந்தபடி ஏசினார். அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார், அடைத்துக்கொண்டது. "பேசுடி, ஏன் முழிக்கிற? பேசு!" என்று அந்த அம்மாள் கத்தினார். பேச்சு வரவில்லை. தெருவே வேடிக்கை பார்க்க, கேட்பது தன் குரல் ஒன்றுதான் என்று அவருக்கே உறைத்துவிட்டது போலும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டார். அக்கா வாய்ச்சண்டையில் ஜெயித்ததை நான் பார்த்ததில்லை. அவரிடம் நீண்ட சண்டையையும் பார்த்ததில்லை.

இனி என் கதை. இருபத்திரண்டு வயதில் எனக்குத் திருட்டு மோட்டார் சைக்கிள் கேஸ். கூட்டாளி திருடினான், நான் சும்மா பின்னால் உட்கார்ந்து போனேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கினோம். போலிஸ் என்னைப் பிடித்தது அக்காவின் கடையில். பாதி வடை கையில் இருந்தது. விலங்கு மாட்டும்போது என் கை எண்ணெயாக இருப்பதைப் பார்த்து அக்கா ஒரு காகிதத்தைக் கிழித்து நீட்டினார். நான் துடைத்துக்கொள்ளும்வரை போலிஸ்காரரும் காத்திருந்தார். மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தேன். வந்தபிறகு ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலையைக் கற்றுக்கொண்டேன், வேறு வம்புக்குப் போகவில்லை.

ஐந்தாறு வருடம் போனது. காம்பாரில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஏர்கோன் கழுவப் போனேன். அங்கே வேலை செய்த பெண்ணுக்காக அந்தக் கடையின் ஏர்கோனை அந்த வருடம் ஏழு முறை கழுவினேன். அவளுக்கும் சம்மதம். அவள் அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், தாயில்லாமல் மகளை வளர்த்தவர். "விசாரிச்சிட்டுச் சொல்றேன்" என்றார். ஜெயிலுக்குப் போனதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன். விசாரிக்க வருகிற மனிதர் எங்கே காரை நிறுத்துவார், யாரைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்கப்படுகிறவர் என் கையில் விலங்கு மாட்டியதை நேரில் பார்த்தவர். திடலில் நான் போட்ட கூத்தையும் பார்த்தவர். அவர் பொய் சொல்லவே வேண்டாம், உள்ளதைச் சொன்னாலே என் கல்யாணம் அன்றோடு முடிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அவள் அப்பாவின் சாம்பல் நிறக் கார் முனையில் நின்றது. நான் பின்சந்து வழியாக ஓடி, கடையை ஒட்டிய மோட்டார் பட்டறைக்குள் புகுந்து, தகரத் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டேன். தகரத்தில் ஆணி அடித்த ஓட்டை ஒன்று இருந்தது. அவர் வடையைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, என் வீட்டு வரிசையைச் சொல்லி, என் வேலையைச் சொன்னார்.

"பையன் எப்படிம்மா? பொண்ணு குடுக்கலாமா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"ந... ந... ந... ந..."

அந்த மனிதர் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார். "அவசரமில்லம்மா. மெதுவா சொல்லுங்க."

"ந... ந... நல்ல பையன்."

"கேஸு, போலிஸு, அந்த மாதிரி ஏதாச்சும் இருக்கா? மறைக்காம சொல்லுங்கம்மா. எனக்கு ஒரே பொண்ணு."

"இ... இ... இ..." அக்கா தொடையில் தட்டினார், தலையை வெட்டினார். "இ... இல்லண்ணே."

அவர் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. பத்து வடை கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

தகரத்துக்குப் பின்னால் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. அக்காவுக்கு ந-வில் என்றைக்குமே தகராறு இல்லை. இ-யிலும் இல்லை. இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். அது அவருடைய திக்கலே இல்லை. திடலில் நான் கட்டிவிட்ட திக்கல், தொடைத் தட்டல் உட்பட. 'நல்ல பையன்' என்று அவர் வாயில் தண்ணீராக வந்திருந்தால், அது எல்லா அக்கம்பக்கத்தாரும் சொல்கிற நல்ல பையனாக இருந்திருக்கும். கஷ்டப்பட்டு வருவதைத்தானே ஊர் நம்புகிறது! வந்த மனிதருக்குத் தெரிந்த திக்குவாய் எது என்று பார்த்து, அதை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் வெளியே வந்து கடை முன்னால் நின்றேன். அக்கா என்னைப் பார்த்தார்.

"எப்புடி சாமி? ஒன்ன மாதிரியே வந்துச்சா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது.

"அவருகிட்ட சொன்னது என்னோட பாவம், நான் வச்சுக்கிறேன். அந்தப் பொண்ணுகிட்ட நீ உண்மைய சொல்லிரணும்."

"சொல்றேன்க்கா."

"எப்ப?"

"சொல்றேன் லா."

"நாளைக்கு. வாட்சாப்புல இல்ல, நேர்ல போயி. இல்லாட்டி நானே காம்பாருக்கு வருவேன். எவ்ளோ நேரம் ஆனாலும் சொல்லி முடிச்சிட்டுத்தான் பஸ் ஏறுவேன்."

செய்வார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. மறுநாள் காம்பாருக்குப் போனேன். அவள் யாருடைய ஆய்வேட்டையோ பக்கம் பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அடுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"நீ திருடினியா, கூட இருந்தியா?"

"திருடினேன்."

"அப்பாவுக்கு?"

"தெரியாது. அக்கா மறைச்சிட்டாங்க."

"இன்னிக்குப் போயிரு," என்றாள்.

நான்கு நாள் அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அந்த நான்கு நாளும் நான் யாருடைய ஏர்கோனையும் ஒழுங்காகக் கழுவியிருக்க மாட்டேன். ஐந்தாம் நாள் போன் செய்தாள். "அப்பா அந்த அம்மா சொன்னத நம்பி நிம்மதியா தூங்குறாரு. இப்ப வேணாம். கல்யாணம் முடியட்டும், நானே சொல்லிக்கிறேன்." கல்யாணம் முடிந்தது. பிள்ளைகள் இரண்டு பிறந்துவிட்டார்கள். இன்னும் சொல்லவில்லை. என் மாமனார் ஒவ்வொரு விசேஷத்திலும் யாரிடமாவது ஆரம்பித்துவிடுவார், பொய் சொல்ல வராத ஒரு அம்மா பாடுபட்டு எடுத்துச் சொன்ன மாப்பிள்ளை இவர் என்று. நானும் மனைவியும் அப்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை.

என் கல்யாணத்துக்குப் பிறகும் கார்கள் வந்தன. அக்கா எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னார், "எனக்குத் தெரியாதுங்க." அவருக்கு மண்டைக்கனம் ஏறிவிட்டது என்று தாமானில் பேசினார்கள். என் அம்மாவுக்குக்கூட வருத்தம். நான் ஒருநாள் கேட்டேன்.

"ஒரு பொய் சொல்லியாச்சுல்ல. இனிமே நான் சொன்னாலும் ஊர்ல மத்தவங்க சொல்ற மாதிரிதான்" என்றார். எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று ஒரு துளி மாவைப் போட்டுப் பார்த்தார். அவ்வளவு சிரமம் கொடுத்த வாய் அவருக்குக் கொடுத்த ஒரே நல்லது அந்த நம்பிக்கைதான். அதையும் எனக்காகச் செலவழித்துவிட்டார். எனக்கு வேண்டிய ஒருவர் செய்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். அவரிடமிருந்து அதை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

போன வருடம் அக்கா கடையை எடுத்துவிட்டு, தன் தம்பி வீட்டோடு இருப்பதற்குப் பாகான் டத்தோவுக்குப் போனார். அங்கே தம்பிக்குக் கொஞ்சம் தென்னை இருக்கிறது. சாமான்களை லாரியில் ஏற்ற நான் போயிருந்தேன். எண்ணெய்ச் சட்டியைக் கடைசியாக ஏற்றினோம். அக்கா முன்சீட்டில் ஏறுவதற்கு முன்னால், இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"ஏன்க்கா எனக்காகப் பொய் சொன்னீங்க? ஒங்கள வச்சு ஊரையே சிரிக்க வச்சவன் நான்."

அவர் உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. லாரி டிரைவர் பார்வையை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெகுநேரம் ஆனது.

"பேசறப்ப எல்லாரும் இப்படித்தான் மூஞ்சத் திருப்பிக்குவாங்க சாமி. ஒங்கம்மாகூட தரையதான் பாப்பாங்க. மரியாதைக்குத்தான், எனக்குப் புரியும். நீ ஒருத்தன்தான் என் வாயவே பாத்துக்கிட்டு நிப்ப. முழுசா கேப்ப."

"கேலி பண்றதுக்குத்தான்க்கா பாத்தேன்."

"அது தெரியாமயா?" என்றார். "இருந்தாலும் பாத்தல்ல."